கொடிவேலிக் கரகம்

நிரந்தர நியமனக் கடிதம் கிடைத்தவர்கள் அதைச் சட்டம் போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவார்கள். என்னுடையதை நான் அலுமாரியில், துணிகளுக்கு அடியில் பூட்டி வைத்திருக்கிறேன். காரணம், அதிலுள்ள கடமைப் பட்டியலின் ஒன்பதாவது வரி. அதை வாசித்தவர்கள் எல்லாரும் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு என் உச்சந்தலையைப் பார்ப்பார்கள். அந்த வரி எப்படி வந்தது என்பதை இன்றைக்கு ஒப்புக்கொண்டுவிடலாம் என்றிருக்கிறேன். எப்படியும் என் மனைவி பாதி ஊருக்குச் சொல்லி முடித்துவிட்டாள். அவள் சொல்லும் கதையில் நான் இன்னும் மோசமாக ஆடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்து நான்கு வயது. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்து, தட்டுத் தடுமாறித் தாவரவியலில் பட்டம் வாங்கி, பதுளையில் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் தற்காலிக உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். ஆய்வுகூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு பழைய வீட்டின் மேல்மாடி. கீழே தையல் கடை. நான் தலைக்கு உறை, வாய்க்கு உறை, காலுக்கு உறையெல்லாம் மாட்டிக்கொண்டு மரப்படியில் ஏறும்போது, பிளவுஸ் தைக்க வந்த பெண்கள் மேலே யாருக்கோ ஆபரேஷன் என்று எழுந்து வழிவிடுவார்கள். நானும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஏறுவேன். (நம்மள டொக்டர்னு நெனச்சா நமக்கு என்னா நட்டம்?)

உண்மையான டொக்டர் மேலே இருந்தார். டொக்டர் சிவகாமி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, வெளிநாட்டில் தாவர ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கி, எந்தப் பாவத்துக்கோ எனக்கு மேலதிகாரியாக வந்தவர். அவருடைய ஆராய்ச்சி செங்கொடிவேலியைப் பற்றியது. அந்தச் செடியின் வேரில் மருந்துச் சரக்கு இருக்கிறது. ஆனால் வேருக்காகப் பிடுங்கினால் செடி போய்விடும். ஆகவே மண்ணில் வாழும் ஒரு பற்றீரியாவை இலைத் துண்டில் தொற்ற வைப்போம். அது தன் மரபணுவில் கொஞ்சத்தை உள்ளே தள்ளிவிடும். அதற்குப் பிறகு அந்தத் துண்டிலிருந்து வேர் மட்டும் வந்துகொண்டே இருக்கும். இலை கிடையாது, தண்டு கிடையாது, மண்ணும் வேண்டாம். சீனியும் சில உப்புகளும் கரைத்த தண்ணீரில் போட்டு, அடியிலிருந்து ஓயாமல் காற்றுக் குமிழி விட்டால் போதும். வேர் வெள்ளை வெளேரென்று பெருகும், தண்ணீரில் மெல்ல ஒரு மஞ்சள் இறங்கும். அந்த மஞ்சள்தான் மருந்து. இதெல்லாம் நடக்கும் கண்ணாடிச் சாடிக்குப் பெயர் பயோரியாக்டர்.

தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த அப்பாவுக்கு இதை விளக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவழித்தேன்.

"செடி இல்லாம வேரு மட்டுமா? அப்ப கொழுந்து?"

"கொழுந்து இல்லப்பா."

"கொழுந்தே இல்லாத ஒண்ண வச்சிக்கிட்டு எதத்தான்டா பறிப்பீங்க?"

கேட்டது அப்படி. ஆனால் மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற அத்தனை பேரிடமும், "எம்மவன் விஞ்ஞானி. போத்தலுக்குள்ள தோட்டம் போட்டிருக்கான்" என்று அறிவித்துவிட்டார். நான் தற்காலிகம் என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஏனென்றால் நான் அவரிடம் சொல்லவில்லை.

சாடிக்குள் ஒரே ஒரு கிருமி புகுந்தால் கதை முடிந்தது. சீனித் தண்ணீர் இரண்டே நாளில் கலங்கிவிடும். அதனால் உள்ளே போகும் காற்று, நாணயம் அளவிலான ஒரு வடிகட்டி வழியாகத்தான் போகும். அந்த வடிகட்டி நனைந்தால் காற்று அடைபடும். இந்த நிலைமையில்தான் அந்த ஆண்டின் மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, மின்வெட்டு வந்தது. நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லை. காற்றுப் பம்பு நின்றது. எட்டுச் சாடிகளில் ஏழு ஒன்றன்பின் ஒன்றாகக் கலங்கின. எட்டாவதை, டொக்டர் தன் ஸ்கூட்டர் பெட்டரியைக் கழற்றி மீன் தொட்டிப் பம்பு ஒன்றில் பொருத்திக் காப்பாற்றி வைத்திருந்தார். (ஸ்கூட்டர் வாசலில் செத்துக் கிடந்தது.) பெட்டரியோ மின்வெட்டு முடியும்வரை தாங்குவதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை டொக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"குமார், உம்மட தோட்டத்துத் தொழிற்சாலையில ஜெனரேட்டர் இருக்கெல்லே?"

"இருக்கு மேடம்."

"நான் தோட்டத்தை நடத்திற துரையோட கதைச்சிட்டன். இதைக் கொண்டுபோய் அங்க வையும். உதவி தாற நிறுவனத்திலயிருந்து வெள்ளைக்காரர் பாக்க வர இன்னும் ஒரு மாதம் இருக்கு. அதுக்குள்ள இதுவும் செத்தால் புரொஜெக்டும் இல்லை, உமக்கு வேலையும் இல்லை. விளங்குதோ?"

"விளங்குது மேடம்."

"மூடியைத் திறக்கப்படாது. வடிகட்டி நனையப்படாது. சாடி குலுங்கப்படாது. மூண்டையும் மனசில வையும்."

மனதில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வெளிச்சம் படக் கூடாது என்று சாடியைக் கறுப்புத் துணியால் சுற்றியிருந்தேன். மடியில் சாடியும் பம்பும், காலடியில் பெட்டரி. மடுல்சீமை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் எங்கள் தோட்டத்துக் கோயில் பூசாரி வீரையா இருந்தார். அம்மாவுக்குத் தூரத்துத் தம்பி முறை, ஆகவே எனக்கு மாமா. அன்று பின்னேரம் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா தொடக்கம். மாலை, வேப்பிலை, மஞ்சள் எல்லாம் பதுளையில் வாங்கிக்கொண்டு, தப்பு அடிக்கும் இரண்டு பேரோடு திரும்பிக்கொண்டிருந்தார்.

"என்னா மருமகனே, மடியில என்னாது? உர்ருங்குது?"

"வேரு மாமா."

"வேரு எதுக்கு உறுமுது?"

நான் விளக்கத் தொடங்கியபோது பஸ் நின்றது. யுத்த காலத்துச் சோதனைச் சாவடி. எல்லாரும் பைகளோடு இறங்கி வரிசையில் நிற்க வேண்டும்.

அப்போதுதான், புறப்பட்டு ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு, என் மடியில் இருப்பதை ஒரு சிப்பாயின் கண்ணால் முதன்முறையாகப் பார்த்தேன். கறுப்புத் துணி சுற்றிய சாடி. இரண்டு வயர். ஒரு பெட்டரி. உர்ரென்ற சத்தம். அதைக் கட்டிப்பிடித்து வியர்த்துக்கொண்டிருக்கும் ஒரு தமிழ்ப் பையன். பல்கலைக்கழகம் வரை போன என் மூளைக்கு இது பதுளையில் உறைக்கவே இல்லை. சட்டைப் பையில் டொக்டர் கொடுத்த ஆங்கிலக் கடிதம் இருந்தது. அவசரமாகப் பிரித்தேன். 'இக்கடிதத்தைக் கொண்டு வருபவர் பற்றீரியா தொற்றிய, மரபணு மாற்றப்பட்ட உயிருள்ள பொருளை எடுத்துச் செல்கிறார்' என்று தொடங்கியது. மடித்துத் திரும்பவும் பைக்குள் வைத்துவிட்டேன்.

இப்போது சிரிப்பாகச் சொல்கிறேன். அன்று அது சிரிப்பல்ல. அடையாள அட்டையை மறந்துவிட்டுப் போனவன் வீடு திரும்ப நாலு நாள் ஆன கதை அந்தக் காலத்தில் ஒவ்வொரு லயத்திலும் இருந்தது. என்னைப் பிடித்தாலும் ஒருவேளை விட்டுவிடுவார்கள். சாடியைத் திறந்து பார்க்காமல் நிச்சயம் விடமாட்டார்கள். திறந்தால் வேர் செத்தது, வேலை போனது, பெரட்டில் அப்பாவின் மானம் போனது. பஸ்ஸை விட்டுக் கடைசியாக இறங்கியவன், அதன் பின்பக்கத்தில் பூசாரி மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, அந்த மாலையும் வேப்பிலையும் குடுங்க. இத கரகம்னு சொல்லிருவோம்."

"சொன்னா ஆயிருமா? சோடிச்சாத்தான் கரகம். சோடிச்சிட்டா அப்புறம் கீழ வைக்கக் கூடாது. கோயிலு போயிச் சேர்ற மட்டும் தலையிலதான். ஒக்காரவும் கூடாது. தெரியுமில்ல?"

"சரி மாமா."

"வெரதம் இருக்கியா?"

"பயத்துல காலையிலேருந்து ஒண்ணும் எறங்கல மாமா."

"அப்ப அது வெரதந்தான்" என்றார் மாமா, தயங்காமல்.

இரண்டு நிமிடத்தில் எல்லாம் நடந்தது. கறுப்புத் துணிக்கு மேல் மஞ்சள் துணி. மூடிக்கு மேல் வேப்பிலைக் கொத்தும் ஒரு எலுமிச்சம்பழமும். பெட்டரியும் பம்பும் என் இடுப்பில், சிவப்புத் துண்டுக்குள். மாமா மஞ்சள் தண்ணீரைத் தெளிக்கக் கையில் எடுத்தபோது எனக்கு வடிகட்டி ஞாபகம் வந்தது. அவருடைய வெற்றிலைப் பொட்டலத்தின் பொலித்தீனைப் பறித்து, வடிகட்டியைச் சுற்றி, பல்லுக்கு இடையில் கடித்துக்கொண்டேன். இடுப்பிலிருந்து வாய்க்கு ஒரு குழாய், வாயிலிருந்து தலைக்கு ஒரு குழாய். தப்பு முழங்கியது. பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து நான் வெளிப்பட்டேன்.

சிப்பாய்க்கு என் வயதுதான் இருக்கும். "மே மொகத?" என்றார். இது என்ன என்று கேட்கிறார்.

"தெய்யோ, மாத்தயா, தெய்யோ!" என்று மாமா கைகூப்பினார். சாமி ஐயா, சாமி என்கிறார்.

சிப்பாய் சத்தம் வந்த பக்கம் காதைக் கொண்டுவந்தார். உர்ர். மாமா தனக்குத் தெரிந்த சிங்களத்தில், அம்மன் பேசுகிறாள் என்று விளக்கினார். சிப்பாய் தொப்பியைக் கழற்றினார். சுற்றிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் என்னிடம் ஒன்று கேட்டார். ஊரில் அவருடைய அம்மா தனியாக இருக்கிறாராம். இடமாற்றம் எப்போது கிடைக்கும்?

வாயில் வடிகட்டி. "ம்ம்ம்" என்றேன்.

"மூணு மாசத்துல" என்று மாமா மொழிபெயர்த்தார்.

அவர் என்னை இரு கையாலும் கும்பிட்டார். அன்று நான் செய்த கூத்துகளில் இது ஒன்றுதான் இன்னும் மனதை உறுத்துகிறது. அவருக்கு அந்த இடமாற்றம் கிடைத்திருக்க வேண்டும் என்று பலமுறை வேண்டியிருக்கிறேன், இந்தத் தடவை உண்மையான சாமியிடம்.

ஆபத்து முடிந்தது என்று நினைத்துத் தலையிலிருந்து இறக்கப் போனேன். மாமா என் கையில் ஓங்கி ஒரு அடி போட்டார்.

"என்னா பண்றே? இனிமே இதுதான் இந்த வருசக் கரகம். சாயங்காலம் ஆத்துல நான் சோடிக்க இருந்தது வேற. ஒரு திருநாளுக்கு ரெண்டு கரகம் ஆகாது."

பஸ்ஸின் கூரையோ தாழ்வு. நிமிர்ந்தால் சாடி இடிக்கும். உட்கார்ந்தால் அம்மன் கோபிப்பாள். ஆகவே உட்காராமலும் நிற்காமலும் முழங்காலை மடித்தபடி, கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் முழு பஸ்ஸும் "அரோகரா" என்றது. அவர்கள் பக்தியில் சொன்னார்கள். நான் உள்ளுக்குள், குலுங்கப்படாது, குலுங்கப்படாது என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

தோட்டத்துச் சந்தியில் இறங்கியபோது சேதி எனக்கு முன்னே போயிருந்தது. லயங்கள் எல்லாம் தெருவில் நின்றன. கரகம் எடுத்தவன் சும்மா நடந்து போக முடியாது. நான் சும்மா நடந்துதான் பார்த்தேன். தப்புக்காரர் நிறுத்திவிட்டார்.

"ஆடுங்க தம்பி. ஆடாமப் போனா ஊருக்கு ஆகாது."

ஆடினேன். எனக்கு ஆடத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் ஒரு கலைவிழாவில் கூட்டத்தோடு ஆடியபோது, என்னை மட்டும் மேடையை விட்டு இறங்கச் சொன்னார்கள். இங்கே இறங்க வழியில்லை. ஒவ்வொரு லயத்தின் முன்னும் பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீரை என் காலில் ஊற்றி விழுந்து கும்பிட்டார்கள். (அவர்களில் ஒருத்தி பின்னாளில் என் மனைவி. "நான் இவரு கால்ல விழுந்தது அந்த ஒரு தடவதான்" என்று இன்றும் விருந்தாளிகளிடம் சொல்வாள்.) ஒரு கிழவர் என் வாயிலிருந்த குழாயை உற்றுப் பார்த்துவிட்டு, "இது என்னா அலகு? நாக்குல குத்தி மண்டைக்கு ஏத்தியிருக்கான்!" என்று வியந்தார். நான் பேசாமல் இருந்ததை மௌன விரதம் என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதையும் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

தொழிற்சாலை வாசலில் அப்பா நின்றார். விஞ்ஞானி மகன் மிசின் கொண்டு வருகிறான் என்று துரையின் கிளாக்கரையும் வெளியே கூட்டிவந்து நிறுத்தியிருந்தார். நான் ஆடியபடி அவரைக் கடந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். இடுப்பில் உறுமும் துண்டைப் பார்த்தார்.

"ஆராய்ச்சியெல்லாம் இப்பிடித்தான் பண்ணுவாங்களா?" என்று கிளாக்கர் கேட்டது எனக்குக் கேட்டது.

"ஆமாங்க. படிச்சவங்க வேல. நமக்குப் புரியாது" என்றார் அப்பா. அந்த ஒரு பதிலுக்காக அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

ஆக, பயோரியாக்டர் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகவில்லை, மாரியம்மன் கோயிலுக்குப் போனது. அங்கே எனக்கு ஒரே ஓர் அதிர்ஷ்டம் காத்திருந்தது. திருவிழா ஒலிபெருக்கிக்காகத் துரை சின்ன ஜெனரேட்டர் ஒன்றைக் கோயிலுக்குக் கொடுத்திருந்தார். அம்மன் பாட்டுக்கும் என் வேருக்கும் ஒரே கரண்ட். பூசைக்குப் பூசை சாடிக்குச் சாம்பிராணி காட்டினார்கள். பின்னேரத்தில் லயம் லயமாக ஊர்வலம், நான் ஆட்டம். ஊர்வலத்துக்கு மறுபடி பெட்டரி, மறுபடி வாயில் வடிகட்டி. துணியை விலக்கிப் பார்க்க மாமா விடவில்லை. உள்ளே இருப்பது உயிரா பிணமா என்று தெரியாமல் மூன்று நாள் ஆடினேன்.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், மாமா சாவகாசமாக ஒன்று சொன்னார்.

"மத்தியானம் கரகத்த ஆத்துல விட்டுட்டா முடிஞ்சிது மருமகனே. மூடியத் தெறந்து தண்ணிய ஊத்திட்டு, போத்தல நீ எடுத்துக்க."

கெஞ்சினேன். வேண்டுமானால் இன்னும் மூன்று நாள் ஆடுகிறேன் என்றேன். மாமா அசையவில்லை. கரகத் தண்ணீர் ஆற்றில் கலக்காவிட்டால் அம்மன் மலையேற மாட்டாள், ஊருக்கு அம்மை வரும். அவர் என்னை மிரட்டவில்லை, உண்மையாகவே பயந்தார். அவருக்கு ஒரு ஊரின் பொறுப்பு, எனக்கு ஒரு சாடியின் பொறுப்பு. கும்பல் ஆற்றுக்குப் புறப்பட்டது.

ஆற்றங்கரையில் ஒரு வாடகை வான் வந்து நின்றது. டொக்டர் சிவகாமி இறங்கினார். தன் சாடியைப் பார்க்கத் தொழிற்சாலைக்குப் போனவரை, 'மிசின் ஆத்துக்குக் குளிக்கப் போயிருக்கு' என்று யாரோ அனுப்பியிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கூட்டத்துக்குள் வந்தார். மாலை போட்ட தன் பயோரியாக்டரைப் பார்த்தார். அதன் கீழே இருந்த என்னைப் பார்த்தார். என் வாயில் வடிகட்டி இருந்ததால் விளக்கம் சொல்ல வேண்டிய கஷ்டம் எனக்கு இல்லை. மாமாதான் சொன்னார், ஒன்று விடாமல்.

டொக்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஐயா, உங்கட பழைய செம்புக் குடம் எங்கை?" என்றார்.

"கோயில்ல இருக்குங்கம்மா."

"எங்கட ஆய்வுகூடத்தில ஒரு சாடியில இருக்கிறதை இன்னொரு சாடிக்கு மாத்திறனாங்கள். அதுபோல அம்மனை இதிலயிருந்து உங்கட செம்புக்கு மாத்தி, அந்தத் தண்ணியை ஆத்தில விடேலாதோ?"

"மாத்தலாங்க. உரு மாத்துறதுன்னு ஒண்ணு இருக்கு. ஆனா மூடியத் தெறக்கணுமே."

"அதுதான் கேக்கிறன். எங்கட கிருமியள் மூடி திறந்தால்தான் போய்வரும். அம்மனும் அப்படியோ? கண்ணாடிக்குள்ளால வரமாட்டாவோ?"

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"யாரப் பாத்து என்னா கேக்கிறீங்க? ஆத்தாளுக்குக் கண்ணாடி என்னா, கருங்கல்லு என்னா! மூடிய எவனும் தொடக் கூடாது. ஓடிப்போயி செம்ப எடுத்தாங்கடா!"

செம்பு வந்தது. சாடிக்கும் செம்புக்கும் நடுவே மஞ்சள் கயிறு கட்டி, வேப்பிலையால் மூன்று முறை தடவி, மாமா அம்மனை மாற்றினார். செம்புத் தண்ணீர் ஆற்றில் கலந்தது. என் தலையிலிருந்து சாடி இறங்கியது. கழுத்து மட்டும் அடுத்த இரண்டு வாரமும் அதைச் சுமந்துகொண்டே இருந்தது.

வானுக்குள் டொக்டர் கறுப்புத் துணியை விலக்கினார். தண்ணீர் கலங்கவில்லை. ஆனால் மெல்லிய மஞ்சளாக இருந்தது இப்போது கடுஞ்செம்மஞ்சளாக மாறியிருந்தது. நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்து அழவே தொடங்கினேன்.

"வாயை மூடும்" என்றார் டொக்டர், சாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீர் எத்தினை மணித்தியாலம் ஆடினீர்?"

விஷயம் இதுதான். அசையாமல் வைத்த சாடியில் வேர்கள் பின்னிப் பின்னி ஒரு பந்தாகிவிடும். பந்தின் நடுவுக்குச் சீனியும் போகாது, காற்றும் போகாது. என் ஆட்டத்தில் பந்து அவிழ்ந்து, வேருக்கெல்லாம் தீனி கிடைத்திருந்தது. அத்தோடு அலைக்கழிக்கப்பட்ட கோபத்தில் அது மருந்தையும் கூடுதலாகக் கக்கியிருக்கலாம் என்பது டொக்டரின் ஊகம். குலுங்கப்படாது என்ற மூன்றாவது கட்டளையை அவர் அன்றே வாபஸ் வாங்கினார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். சற்று முந்திவிட்டேன்.

"ஒருக்கா நடந்தால் அது விபத்து, குமார். திரும்பத் திரும்ப நடந்தால்தான் விஞ்ஞானம். நாளைக்கே தொடங்குவம்."

அந்த ஒரு வேரை ஆறு சாடிகளுக்குப் பிரித்தார். மூன்று அசையாமல் மேசையில். மற்ற மூன்றும், முறை மாற்றி ஒவ்வொன்றாக, என் தலையில். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. எஞ்சிய நேரத்துக்கு வாடகைக்கு எடுத்த லொறி பெட்டரிகள் இரண்டு காற்றுக் கொடுத்தன. (இத முந்தியே எடுத்திருக்கலாமேன்னு எனக்கும் தோணுச்சி. கேக்கல.) தப்பு இல்லாமல் எனக்குக் கால் எழும்பவில்லை. ஆகவே வெளிநாட்டில் பட்டம் பெற்ற டொக்டர் சிவகாமி, ஒரு கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் பென்சிலால் பிஸ்கட் டின்னைத் தட்டினார். தாளம் சரியாகத்தான் இருந்தது. கீழே தையல் கடையில் பலகைத் தூசி பிளவுஸ்களில் கொட்டியது. பெண்கள் இப்போது எனக்கு எழுந்து நிற்பதில்லை, தலையை மூடிக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

வெள்ளைக்காரர் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் படியேறி வந்துவிட்டார். கதவைத் திறந்தவர் கண்டது, தலையில் சாடியும் வாயில் குழாயுமாகச் சுற்றிச் சுற்றி ஆடும் ஒருவனையும், டின் தட்டும் ஒரு விஞ்ஞானியையும். டொக்டர் நிறுத்தவில்லை. இன்னும் நாலு நிமிடம் இருந்தது. பரிசோதனையைப் பாதியில் விடக் கூடாதல்லவா? நானும் ஆடினேன். என் வாழ்க்கையில் மிக நீளமான நாலு நிமிடம் அது. வெள்ளைக்காரர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குறிப்பேட்டை எடுத்து, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நிமிடத்துக்கு எத்தனை சுற்று?

"பதினெட்டு" என்றார் டொக்டர், கடிகாரத்தைப் பார்த்து.

மேசையில் நின்ற மூன்றையும் என் தலையில் ஆடிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. திட்டம் நீடிக்கப்பட்டது. அதோடு அந்த நல்ல மனிதர் ஊருக்குப் போய், சாடிகளை வைத்துக் குலுக்கும் இயந்திரம் ஒன்றைப் பெரிய மரப்பெட்டியில் அனுப்பிவைத்தார். ஆறு சாடிகளை ஒரே நேரத்தில் ஆட்டியது. கழுத்து வலி அதற்கு இல்லை. அழவும் இல்லை. அதைப் பொருத்திவிட்டு அதன் முன்னால் நின்றபோது ஒரு கேள்வி வந்தது. இனி இங்கே நான் எதற்கு? எனக்கு மாற்று ஆளாக ஒரு மிசினை நானே ஆடி வரவழைத்திருந்தேன். அப்பாவிடம் என்ன சொல்வது என்று அன்று பூராவும் ஒத்திகை பார்த்தேன்.

பின்னேரம், வழக்கமான நேரத்துக்கு, கரண்ட் போனது. இயந்திரம் நின்றது. ஆறு சாடிகளும் அசையாமல் நின்றன. டொக்டர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். முதலில் இயந்திரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அடுத்த கிழமை என் நிரந்தர நியமனக் கடிதம் வந்தது. ஒன்பதாவது வரி இதுதான்: 'மின்தடை ஏற்படும் வேளைகளில், கலக்கும் இயந்திரத்தின் பணியை முழுமையாகப் பொறுப்பேற்று ஆற்றுதல்.'

அந்தக் கடிதத்தில் பதினொரு ஆண்டு வேலை பார்த்தேன். கல்யாணம் கட்டினேன், பதுளையில் வீடு கட்டினேன், இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றேன். மற்ற வீடுகளில் கரண்ட் போனால் மெழுகுதிரி எங்கே என்று தேடுவார்கள். எங்கள் வீட்டில் விளக்கு அணைந்த மறுநொடி மூத்தவள் கத்துவாள்: "அப்பா, கரண்டு போயிருச்சி! எந்திரிங்க, டூட்டி!" இளையவள் தலையணையைக் கொண்டுவந்து என் தலையில் வைப்பாள். நான் எழும்பாமல் கொஞ்சம் பிகு பண்ணிப் பார்ப்பேன். அதற்குள் இருட்டில், சமையலறைப் பக்கமிருந்து, என் மனைவி பிஸ்கட் டின்னைத் தட்டத் தொடங்கிவிடுவாள், நிமிடத்துக்குப் பதினெட்டுச் சுற்றுக் கணக்கில்.